வண்டிக்கு அடியில் ஓர் அச்சு

 

தைப்பூசம் நெருங்குகிறது. நம் தெம்பனிஸ் குழுவிலிருந்து பத்துமலைக்குப் போகப் பெயர் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. "அண்ணே, இந்தத் தடவை எத்தனை வண்டி? யார் முன்னால போறது?" என்று இப்பவே கேட்க ஆரம்பிச்சுட்டீங்க. அதற்குப் பதில் சொல்லும் முன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு வந்தவர்களுக்கு அதில் பாதி தெரியும். மீதிப் பாதி என்னுடைய தப்பு. அதை இதுவரை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

அந்த வருஷம் 5 வண்டிகள், 27 பேர். நாலு கார், வாடகைக்கு எடுத்த ஒரு வேன். தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை, விடியற்காலை 3 மணிக்கு நம் புளோக் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். எல்லா வண்டியிலும் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா, எல்லாரிடமும் கடப்பிதழ் இருக்கிறதா என்று பார்த்தோம். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, "வேல் வேல்" என்று கிளம்பினோம். முதல் வண்டி என்னுடையது. வாட்ஸ்அப்பில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு கட்டளை போட்டேன்: "ஒட்டியே வாங்க. நடுவுல யாரையும் விடாதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள மலை ஏறணும்."

துவாஸ் வழியாகக் கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். ஒரு சந்திப்பில் பழைய சின்ன கார் ஒன்று இடப்பக்கத்திலிருந்து சிக்னல் போட்டபடி உள்ளே வரப் பார்த்தது. நம் வண்டிகள் என் சொல்லைத் தட்டவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிட்டன. இணையும் பாதை முடிகிற இடத்தில் அந்தக் கார் பிரேக் போட்டு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு வருத்தம் வரவில்லை, பெருமையாக இருந்தது. "நம்ம பிள்ளைங்க கட்டுப்பாடு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தேன்.

காரில் கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருந்தது. கைபேசியிலிருந்து வருகிற பாட்டு. அழைப்பு வந்தால் பாட்டு நின்று நின்று போகும் என்று, எந்த அழைப்பும் காதில் விழாதபடி அமைத்துவிட்டிருந்தேன்.

பாகோ ஓய்விடத்தில் இறங்கிப் பார்த்தால் நாலு வண்டிதான் வந்திருக்கிறது. வேனைக் காணோம். கைபேசியை எடுத்தேன். 11 தவறிய அழைப்புகள்.

யோங் பெங் தாண்டி வேனின் பின்சக்கரம் வெடித்திருக்கிறது. வேனை ஓட்டியவர் தேசிய சேவை முடித்து ஒரு வருஷமே ஆன தம்பி. உள்ளே மூன்று குழந்தைகள், நம் பஜனையில் பாடும் அத்தை, இன்னும் ஆறு பேர். அவசரத் தடத்தில் வேனை ஓரம் கட்டி, எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்திருக்கிறார். மாற்றுச் சக்கரம் வேனுக்கு அடியில் இருந்தது. கழற்றிப் பார்த்தால் அதில் காற்று இல்லை. தேங்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் நசுக்கினோம், பெட்ரோல் பார்த்தோம். அடியில் இருந்த சக்கரத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அடுத்த சுங்கச்சாவடியில் வெளியேறி, எதிர்த் திசையில் போய், மறுபடியும் திரும்பி நான் அங்கே சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு மலாய் லாரி ஓட்டுநர், பாக்சிக் ஒருவர், வேனுக்குப் பின்னால் தன் லாரியை விளக்கு மின்ன நிறுத்தி, லாரியின் காற்றுக் குழாயிலிருந்தே சக்கரத்துக்குக் காற்று அடித்து, தம்பியோடு சேர்ந்து மாட்டிக் கொடுத்திருக்கிறார். பணம் நீட்டினால் வாங்கவில்லை. அத்தை கொடுத்த வாழைப்பழத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். "பெலான் பெலான்" என்று சொல்லி, மெதுவா போங்க என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, போன் பண்ணிக்கிட்டே இருந்தேன்ணே" என்றார். அவ்வளவுதான். அத்தை கோபப்படவில்லை. "கவசம் கேட்டுக்கிட்டு வந்தீங்களா தம்பி? முழுசும் முடிஞ்சுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. காக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டே, என்னைக் கூப்பிட்டவர்களை நான் கேட்காமல் போயிருக்கிறேன்.

இளையர்களே, கூட்டமாக நெடுந்தூரம் போவது நமக்குப் புதிது இல்லை. பழைய தமிழில் வணிகர்களின் வண்டிக் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். சிலப்பதிகாரத்துக் கோவலனின் அப்பா பெயர் மாசாத்துவான். பெரிய சாத்தை நடத்துகிறவர் என்று பொருள். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் உமணர்கள். அந்த உமணர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியின் அச்சு எந்த இடத்தில் முறியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டியே கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

புறநானூற்றில் ஔவையார் இதைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்தவர், மற்ற அரசர்களைப் போலச் சிங்கம் என்றோ மலை என்றோ அவனைச் சொல்லி நிறுத்தாமல், உமணர் வண்டிக்கு அடியில் கட்டிய சேம அச்சைப் போன்றவன் என்கிறார். யோசித்துப் பாருங்கள். அந்த அச்சு வெளியே தெரியாது. வழி நெடுக அதற்கு வேலையும் இல்லை. ஆனால் பள்ளத்தில் வண்டி இறங்கி முறிகிற அந்த நேரத்தில் மொத்தச் சுமையும் அதன்மேல்தான். ஒரு தலைவனுக்கு அந்தப் பாட்டி கண்ட அழகு அது. அன்றைக்கு நம் வேனுக்கு அடியிலும் ஒன்று இருந்தது, காற்று இல்லாமல்.

இன்னொரு பயணம். திருஞானசம்பந்தர் பாண்டிய நாட்டிலிருந்து சோழ நாட்டுக்குத் திரும்பி வருகிறார். திருநாவுக்கரசர் திருப்பூந்துருத்தியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். முத்துச் சிவிகை, சுற்றிலும் அடியார் கூட்டம், பெரிய ஊர்வலம். பெரியபுராணம் சொல்லும் காட்சி இது. எதிர்கொள்ள வந்த நாவுக்கரசர், யாருக்கும் தெரியாமல் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகைத் தண்டுக்குத் தன் தோளைக் கொடுத்துவிட்டார். சம்பந்தரோ சின்னப் பிள்ளை. இவரோ வயதில் முதிர்ந்தவர், சம்பந்தரே 'அப்பரே' என்று அழைத்தவர். அந்தத் தோள் சிவிகைக்கு அடியில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஊர் நெருங்கியதும் சம்பந்தர் கேட்கிறார், அப்பர் எங்கே என்று. கீழே இருந்து பதில் வருகிறது, உங்களைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று. சம்பந்தர் பதறிப்போய் இறங்கி வணங்க வருகிறார். அவர் வணங்குவதற்கு முன் அப்பர் வணங்குகிறார்.

அப்பரின் பணிவைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருப்பீங்க. எனக்கு அன்றைக்கு உறைத்தது சம்பந்தர் கேட்ட கேள்வி. எல்லார் கண்ணும் தன்மேல் இருக்கும்போது, மேலே உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை, வர வேண்டியவர் ஒருவரைக் காணோமே என்று கேட்டாரே! நானும் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால்தான் போனேன். ஜொகூரிலிருந்து பாகோ வரைக்கும் ஒரு தடவைகூட, "யாரைக் காணோம்?" என்று கேட்கவில்லை.

அடுத்தது, சாலையில் நம்மோடு வருகிற மற்றவர்கள். அந்தப் பழைய காருக்கு நாம் என்ன செய்தோம்? 5 வண்டிகள் வரிசையாகப் போனால் அது ஊர்வலம். ஆனால் அன்றைக்கு நாங்கள் அந்த வரிசையைச் சுவராக்கிவிட்டோம். நாம் சாமி கும்பிடப் போகிறோம் என்பது அந்தக் கார்க்காரருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம், சிங்கப்பூர் எண் போட்ட, வேல் ஒட்டிய நாலைந்து வண்டிகள் தன்னை உள்ளே விடவில்லை என்பதுதான்.

சிராங்கூன் சாலையில் தைப்பூசத்தன்று நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஶ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு ஶ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகின்றன. தடுப்புக்கு இந்தப் பக்கம் வேல் குத்திய பக்தர், அந்தப் பக்கம் அலுவலகம் போகிறவர்களை ஏற்றிய பேருந்து. நமக்காக நகரம் ஒரு தடத்தை ஒதுக்குகிறது. வேலைக்குப் போகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மற்றவர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நம் காவடி ஆடுகிறது. அப்படி வாங்கிக்கொள்ளத் தெரிந்த நமக்கு, ஒரு காருக்கு இடம் கொடுக்கத் தெரியாமல் போகலாமா?

டேங்க் ரோடு கோயிலை 1859இல் எழுப்பியவர்கள் நகரத்தார். அவர்கள் இன்றைக்கும் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்காகக் காவடியோடு நடந்தே போகிறார்கள். கூடவே மாட்டு வண்டி போகும். வழியில் உள்ள ஊர்க்காரர்கள் தண்ணீரும் சோறும் கொடுப்பார்கள். வழியில் இருக்கிறவர்களின் அன்பு இல்லாமல் எந்த யாத்திரையும் பழனி போய்ச் சேராது. நமக்கும் அன்றைக்கு ஒரு பாக்சிக் தேவைப்பட்டார்.

ஊருக்கு ஊர் போக வேண்டாம், நம் தெம்பனிஸையே பாருங்கள். நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் ஒரே நடைபாதையைப் பகிர்ந்துகொள்ளும் சோதனைத் திட்டம் 2007இல் தொடங்கியது இங்கேதான். 2010இல் அது நிரந்தரமானது. பிறகு மின்ஸ்கூட்டர்கள் வந்தன. 2019 நவம்பரில் அவற்றுக்கு நடைபாதையில் தடை வந்துவிட்டது. பொறுமையாக ஓட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை. பகிர்ந்துகொள்ளத் தெரியாவிட்டால் பாதையே நம் கையை விட்டுப் போய்விடும். மணி அடித்துப் பாட்டியைப் பதற வைக்காமல், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளையை எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் பார்க்கும்போது, இவனுக்குத் தனியாகச் சமய வகுப்பு வேண்டாம் என்று தோன்றும்.

அன்றைக்குப் பத்துமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். நான் பயந்தபடி படி சுட்டது. ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 272 படிகளையும் அத்தை நின்று நின்று ஏறினார். எப்போதும் முன்னால் ஓடுகிறவன், அன்றைக்கு அவருக்கு இரண்டு படி பின்னால் ஏறினேன். சந்நிதியில் எனக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை. "யாரையும் விட்டுட்டுப் போகாத புத்தியைக் கொடுப்பா" என்பது மட்டும்தான் வந்தது.

திரும்பி வரும்போது வரிசையை மாற்றினோம். வேன் முன்னால். அதன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். என் வண்டி கடைசியில்.

இந்த வருஷமும் அப்படித்தான் போகப் போகிறோம். பெயர் கொடுப்பவர்கள் சில விஷயங்களுக்குச் சம்மதித்துப் பெயர் கொடுங்கள். முதல் நாளே ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் குனிந்து மாற்றுச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னொருவர் வந்துபோக இடம் விட வேண்டும். பிரிந்துவிட்டால் துரத்த வேண்டாம், குறித்த ஓய்விடத்தில் காத்திருப்போம். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கைபேசியைக் கவனிக்க வேண்டும். பாட்டு நின்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவோம். எண்ணும்போது அப்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழிபாடு என்ற சொல்லுக்குள்ளேயே வழி இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வழிபாடு தொடங்குகிறது என்று நான் நினைத்திருந்தேன். தெம்பனிஸில் வண்டிச் சாவியைத் திருகும்போதே அது தொடங்கிவிடுகிறது.

"யார் முன்னால போறது?" என்று கேட்டீங்க இல்லையா? வேன் முன்னால் போகும். கடைசி வண்டி ஓட்ட இன்னும் ஒரு ஆள் வேண்டும். யார் வர்றீங்க?

வேலும் மயிலும் துணை.