அடுத்த வரி அவருடையது

ஆன்லைன் விளையாட்டு என்று சொன்னாலே நம் ஊரில் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்ல வருவது வேறு. இதில் பணம் இல்லை, படம் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை. எழுத்து மட்டும்தான். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பேச்சையும் செயலையும் மாறி மாறித் தட்டச்சு செய்து, முடிவு தெரியாத ஒரு கதையைக் கூட்டாக வளர்க்கிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, ஷார்ஜா என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சிறு குழு, வேலை முடிந்த இரவுகளில் டிஸ்கார்ட் செயலியில் இப்படிக் கூடுகிறது. இப்போதைய கதை ராஜகேசரிப் பெருவழியில் போய்க்கொண்டிருக்கிறது. சோழர் காலம், பாலக்காட்டுக் கணவாயை நோக்கி ஒரு வணிகச் சாத்து, வழிமறிக்கும் கள்வர்கள், கூலிக்குக் காவல் வரும் வீரர்கள். அந்தச் சாத்துக்குச் சமைத்துப் போடும் கிழவி நான்.

இந்த ஆட்டத்தில் பகடை கிடையாது, நடுவர் கிடையாது. இருவர் வாள் வீசிக்கொண்டால் வென்றது யார்? இதற்கு இருப்பது ஒரே ஒரு வழக்கம்தான். உன் பாத்திரம் செய்ய முனைவதை நீ எழுதலாம். அது பலித்ததா என்பதை எதிரே இருப்பவர்தான் எழுத வேண்டும்.

கள்வர் தலைவனாக ஆடும் நண்பர் ஒரு நாள் எழுதினார்: “வாளை அவன் இடது தோளை நோக்கி வீசினான்.” அங்கேயே நிறுத்திக்கொண்டார். காவல் வீரனாக ஆடுபவரிடமிருந்து அன்றிரவு பதில் இல்லை. மறுநாள் காலையில் வந்தது: “கேடயத்தைத் தூக்குவதற்குள் வாள் இறங்கிவிட்டது. இந்தக் கை இனி உதவாது என்று அவனுக்குப் புரிந்தது.” விலகிக்கொண்டதாக அவர் எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவராகவே ஒரு கையைக் கொடுத்தார். அதன் பிறகு கதையே வேறாகிவிட்டது. ஒற்றைக் கையால் கூழ்க் கலயத்தைப் பிடிக்கத் தடுமாறியவனுக்கு என் கிழவி ஊட்டிவிட நேர்ந்தது. அதுவரை வாயே திறக்காத அந்த வீரன், தன் தாயைப் பற்றி முதல்முறையாகப் பேசினான். அந்தப் பேச்சை எழுத வேண்டும் என்று எங்களில் யாரும் திட்டமிட்டிருக்கவில்லை.

அதே கதையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியது இது: “என் வாள் பட்டதும் அவன் தலை உருண்டது. மற்றவர்கள் பயந்து ஓடினார்கள்.” ஆடுகிறவர்கள் இதைக் காட்மாடிங் என்பார்கள், தன்னைக் கடவுளாக்கிக்கொள்வது. எல்லோருக்கும் கோபம் வந்தது தலை உருண்டதற்காக. எனக்கு உறுத்தியது இரண்டாவது வாக்கியம். முதல் வாக்கியம் ஒருவருடைய உடலை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அங்கே நின்ற அத்தனை பேருடைய மனதையும் எடுத்துக்கொண்டது. என் கிழவி பயப்பட மாட்டாள். பயப்படுவாளா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெறும் எழுத்துதானே என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தின் வரலாறு அவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’தான் பலர் சேர்ந்து ஆடும் எழுத்து உலகங்களுக்கு முன்னோடி. அந்த வழியில் வந்தது, ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பேவல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்ப்டாமூ. 1993இல் அங்கே ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் வந்த ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் தாமே செய்வதுபோல் வரிகள் தோன்றவைக்கும் ஒரு நிரலைப் பயன்படுத்தி, எல்லோரும் பார்க்கும் கூடத்தில் பெண் பாத்திரங்கள் உள்ளிட்ட சிலர்மீது பாலியல் வன்முறையை எழுதினார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் அதைப் பற்றிப் பிறகு எழுதும்போது அழுதாராம். ஜூலியன் டிபெல் அந்த ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை வழியே இது வெளியுலகுக்குத் தெரிந்தது. உறுப்பினர்கள் கூடி மணிக்கணக்கில் விவாதித்தும் முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் நிர்வாகிகளில் ஒருவர் தனியாக முடிவெடுத்து அந்தக் கணக்கை நீக்கினார். உறுப்பினர்களே மனுக் கொடுத்து வாக்களிக்கும் முறை அதன் பிறகுதான் அங்கே வந்தது.

யாரையும் யாரும் தொடவில்லை. இருந்தும் நடந்தது வன்முறை என்றுதான் நான் சொல்வேன். ஒருவருடைய பெயரில், அவருடைய சம்மதம் இல்லாமல், இன்னொருவர் எழுதிவிட்டார்.

விழுவதை விழுகிறவரே முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கொங்குப் பக்கத்துக்குப் புதிய பாடம் இல்லை. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும் நாடு இது. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் அந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்கு ஊர்கள் பலவற்றில் அண்ணன்மார் கோயில் நோம்பியிலும் படுகளம் என்னும் சடங்கு நடக்கும். சிறுமியாக அம்மா ஊரில் நான் பார்த்திருக்கிறேன். போர்க் கட்டம் நெருங்க நெருங்க உடுக்கை வேகமெடுக்கும். கூட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு உடம்பு நடுங்கும், ஓடுவார், விழுவார். யாரும் அவரைத் தள்ளுவதில்லை. யார் விழ வேண்டும் என்று பெயர் சொல்வதும் இல்லை. விழும்போது தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொள்ள ஆட்கள் தயாராக நிற்பார்கள். வரிசையாகப் படுக்கவைத்து வெள்ளைத் துணி போர்த்துவார்கள். வீட்டுப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அண்ணன்மாரின் தங்கை தங்காளாக வரும் பெண் தீர்த்தம் தெளிக்க, ஒவ்வொருவராக எழுவார்கள். கதையிலும் விழுவது அப்படித்தான். திருமாலாகிய மாயவன் விட்ட அம்பு பட்டதும் தன் காலம் முடிந்ததை உணர்ந்த இளையவன் சங்கர், தானே தன் வாளில் விழுகிறான். பெரிய வீரன் அவன். அவன் சாவை எதிரி எழுதவில்லை.

படுகளத்தில் என்னை இன்றும் பிடித்து வைத்திருப்பது அந்த எழுப்புதல்தான். படுத்தவரை எழுப்பாமல் ஊர் கலைவதில்லை. எங்கள் ஆட்டத்திலும் ஒரு கடுமையான காட்சி முடிந்ததும் கதையை விட்டு வெளியே வருவோம். இரட்டை அடைப்புக்குறிக்குள் பேசினால் அது பாத்திரம் இல்லை, ஆள் பேசுகிறார் என்று அர்த்தம். கை போன அன்று கள்வர் தலைவன் அங்கே எழுதியது: “ஏனுங்க, ரொம்பக் கொடுமையா எழுதிட்டனுங்களா? வேண்டாம்னா மாத்திக்கலாமுங்க.” சற்றுமுன் வாள் வீசியவர் அவர். சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் காணாமல் போகிறவர்களை நான் குறை சொல்வதும் இதனால்தான். அவர்களுக்கு அது ஓர் ஆட்டம். அவர்களுடைய வரிக்காகக் காத்திருப்பவரின் பாத்திரம் ஓங்கிய கையோடு வாரக்கணக்கில் நிற்கிறது.

திரைக்கு வெளியே, அடுத்தவர் வரியை அவருக்கே விடும் இந்த வழக்கத்தை நாம் எவ்வளவு சுலபமாக மீறுகிறோம்! மாப்பிள்ளை வீட்டார் வந்த கூடத்தில் அப்பா சொல்கிறார்: “எங்க பொண்ணுக்குச் சம்மதமுங்க.” பெண் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். “அவன் இன்ஜினியரிங்தான் படிப்பான்” என்கிறோம், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. எல்லாமே மரியாதைக் குறைவில்லாத வாக்கியங்கள். அன்போடு சொல்லப்படுபவையும்கூட. ஆனால் அந்த வரி நம்முடையதல்ல. கெட்ட எண்ணத்தோடு மீறுபவரை அடையாளம் காண்பது எளிது. நல்லெண்ணத்தோடு மீறுகிறவரிடம் எதிர்த்துப் பேசத்தான் நா எழுவதில்லை.

போன மாதம் எங்களோடு சேர்ந்த பொள்ளாச்சிக் கல்லூரி மாணவி ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். “நான் முறையா ஆடறேங்க்கா. எதிர்ல இருக்கறவர் எத்தனை அடிச்சாலும் விழ மாட்டேங்கறாரே, நான் மட்டும் விழுந்துட்டே இருக்கறதா?” வழக்கம் ஒன்றை மதிப்பவர் மட்டும் அதன் விலையைக் கொடுப்பது அநியாயம்தான், விட்டுக்கொடுக்கச் சொல்லி அவளை நான் அனுப்பவில்லை. அவருக்காக அவர் விழுந்ததாக நீ எழுதிவிடாதே, அதற்காக நீ விழவும் வேண்டாம், அவரோடு சண்டைக் காட்சியையே எடுக்காதே என்றேன். சாத்து மறுநாள் ஒரு சந்தையில் தங்குகிறது. மிளகு மூட்டைக்கு விலை கேட்டு அவருடைய பாத்திரத்திடம் போ. பேரத்தில் எதிராளி விலை சொல்லும்வரை யாராயிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தக் காட்சியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர் இரண்டு காசு குறைத்திருக்கிறார்.