தனியிடத்துக்குப் புறப்படுமுன்

(தவக்காலத் தியானத்துக்கு ஆயத்தமாகும் கப்பல்துறை இறைமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டையும் தொழிலையும் இரண்டு நாள் விட்டு ஒதுங்கி, மௌனத்திலும் செபத்திலும் ஆண்டவரோடு தங்கியிருக்க நீங்கள் சங்கற்பம் செய்திருக்கிறீர்கள். நாள் குறித்தல், இடம் பார்த்தல், வாகனம் பேசுதல், அரிசி கறிக்குக் கணக்கெடுத்தல் முதலியவற்றைப் பக்திக்குப் புறம்பான வேலைகளென்று எண்ணி, அவற்றை இரண்டு மூன்று பேர் தலையில் கட்டிவிடுவது நம் வழக்கமாகையால், அவற்றைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். போதிக்க அனுப்பப்பட்ட அப்போஸ்தலர்கள் திரும்பி வந்து, சனநெருக்கத்தால் உண்ணவும் அவகாசமின்றித் தவித்தபோது, அவர்களுடைய சரீரக் களைப்பைக் கண்ட இயேசுநாதரே தனியிடத்துக்கு அவர்களை அழைத்துப் படகேறினார். ஆனால், கரை வழியே ஓடிய மக்கள் அவர்களுக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். தாம் நினைத்த ஏகாந்தம் கலைந்ததேயென்று அவர் முகங்கோணவில்லை; அவர்கள்மீது மனமிரங்கிப் போதித்தார்; பொழுது சாய்ந்ததும் அவர்களைப் பசும்புல்லின்மேல் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசைப்பட உட்காரச் செய்து, ஐந்து அப்பத்தாலும் இரண்டு மீனாலும் ஐயாயிரம் ஆடவரைப் போஷித்தார்; மிஞ்சிய துண்டுகள் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டன. சீஷர்களைப் படகில் அனுப்பி, மக்களுக்கும் விடைகொடுத்தபின், செபிப்பதற்காகத் தனியே மலைமீது ஏறினார்.

அற்புதம் செய்ய வல்லவர் வரிசை போட்டு உட்கார வைப்பானேன்? ஒழுங்கில்லாத பந்தியில் பலசாலி முந்துவான். முதியவரும் குழந்தையும் பின்தங்கிப் போவார்கள். ஆகவே ஒழுங்கு என்பது எளியவர்பால் காட்டப்படும் கருணையின் ஒரு வடிவமென்றே நான் கொள்கிறேன். நம்முடைய தியானத்தின் ஏற்பாடும், வருவதற்கு எவருக்கு மிகவும் கஷ்டமோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

நாளை எடுத்துக்கொள்வோம். தவக்காலம் பெரும்பாலும் மாசி பங்குனியில் வருகிறது. நம் பகுதியில் பெரும்போக வேளாண்மை வெட்டும், வாடை தணிந்து கடல் அடங்கத் தொடங்குவதும் அக்காலத்தை ஒட்டியே நிகழ்கின்றன. மாரி முழுவதும் வருமானம் குன்றியிருந்த கடற்றொழிலாளியும், வெட்டுக்கூலியை நம்பியிருப்பவரும், மாதச் சம்பளக்காரருக்குத் தோதான விடுமுறை நாளில் தொழிலை விட்டு வரவேண்டுமென்றால், அவர்கள் வராமைக்குப் பக்திக்குறைவைக் காரணங் காட்டுவது நியாயமாகுமா? முதலில் அவர்களைக் கேட்டு, பிறகு நாளைக் குறியுங்கள்; அவர்கள் இழக்கும் கூலியில் ஒரு பங்கையேனும் ஈடுசெய்யப் பொதுப்பணத்தில் வழியுண்டாவென்றும் பாருங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மடுமாதா சந்நிதிக்கே போக வேண்டுமென்ற ஆசை போற்றத்தக்கதே. ஆயினும் இரண்டு நாளில் பெரும்பொழுது பஸ் வண்டியிலேயே கழியுமானால், அது யாத்திரையாகுமேயன்றித் தியானமாகாது. கண்டி வீதியிலேயே, நமக்கு அண்மையில், பாலையூற்று லூர்து அன்னையின் திருத்தலம் இருக்கிறதல்லவா? எங்கே போனாலும், முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்குப் படுக்கையும் கழிப்பிடமும் எட்டும் தூரத்தில் அமையுமா, கைக்குழந்தையோடு வரும் தாய் ஒரு மணி நேரமாவது நிம்மதியாகச் செபிக்கும்படி அக்குழந்தையை வைத்திருக்க ஆளுண்டா என்பவற்றை முன்கூட்டியே விசாரியுங்கள். இன்னொன்று: பெண்கள் சிலர் இரண்டு நாளும் அடுப்படியில் வெந்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு மட்டும் வந்து தலைகாட்டுவதானால், பிறருடைய மௌனத்துக்கு அவர்களல்லவா விலைகொடுக்கிறார்கள்? சமையலை எளிதாக்கி, ஆண்களும் முறைவைத்துப் பங்கெடுங்கள்.

இந்த விவேகம் திருச்சபைக்குப் புதியதன்று. 1893இல் திருகோணமலை மேற்றிராசனம் நிறுவப்பட்டபின் இக்கிழக்குக் கரையில் நெடுங்காலம் ஊழியஞ்செய்த இயேசு சபைக் குருமாரின் ஸ்தாபகரான அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியார், 1522இல் மன்ரேசாவில் தாம் பெற்ற அனுபவத்திலிருந்து உருவாக்கி, 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற ஞானப் பயிற்சி நூலில், ஏறக்குறைய முப்பது நாளுக்குரிய கடுமையான கிரமத்தை வகுத்தார். ஆயினும் அதை அவரவர் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றுக்கேற்ப மாற்றிக் கொடுக்கவேண்டுமென்றும், அலுவல்களை விட்டு வர இயலாதவர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்யலாமென்றும் அந்நூலின் முகப்பிலேயே குறித்துவைத்தார். ஆகையால் எவ்வளவு முயன்றும் வர இயலாதவர்களுக்கு, அவர்கள் வீட்டருகிலேயே மாலை வேளைகளில் ஒரு செபநேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். அதுவும் தியானத்தின் பகுதியேயாகும்.

இவ்வளவு ஆயத்தம் செய்தும் மழை வரலாம், குருவானவர் ஓர் அவஸ்தைப் பூசுதலுக்கு அழைக்கப்படலாம், அழையாதவர் பத்துப் பேர் வந்து நிற்கலாம். அப்போது நிகழ்ச்சிநிரலைக் காட்டிச் சினவாதீர்கள். வந்தவருக்கும் இலை போடுங்கள். தவறிப்போன செபத்தை, ஆண்டவர் செய்ததுபோல, இரவிலே செய்யுங்கள். கூட்டங்களுக்கு வழமையாக வராத வீடுகள் எவையென்று உங்களுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்குமுன், இந்த வாரமே அவ்வீடுகளுக்குச் சென்று, எந்த நாள் உங்களுக்குத் தோதுப்படும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு உங்கள் தியானம் ஆரம்பமாகிவிடும். அதற்கு வேண்டிய தாழ்ச்சியையும் பொறுமையையும் ஆண்டவர் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.