வாக்குக் கொடுத்தது யார்?

அரூர்ப் பக்கத்துக் காடுகளில் மோட்டார் கொட்டாயை எட்டிப் பார்த்தால், பழைய ஸ்டார்டருக்குப் பக்கத்தில் சின்ன ஆன்டெனா நீட்டிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கும். மொபைல் ஸ்டார்டர். உள்ளே ஒரு சிம். வீட்டிலிருந்தே போன் போட்டு ஒரு பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். நகரத்தில் ஸ்லைடு போட்டு விளக்கும் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' மரவள்ளிக்கும் கரும்புக்கும் இந்த உருவத்தில்தான் வந்து சேர்ந்தது. த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால், டார்ச்சோடு வரப்பில் இறங்கிப் போகிறவனுக்குக் கட்டுவிரியன் பயம். அந்தப் பயத்தைப் போக்கிய பெட்டி மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை உண்டு.

நம்பலாமா என்று கேட்டால் கடைக்காரர் கியாரண்டி கார்டை நீட்டுவார். கியாரண்டி பெட்டிக்கு. நாம் நம்புவதோ ஒரு சங்கிலியை: ஸ்டார்டர், சிம், டவர், டவருக்கு வரும் கரண்ட், கையில் இருக்கும் போன். ஒவ்வொன்றும் 100க்கு 99 தடவை சரியாக வேலை செய்தாலும் ஐந்தும் சேர்ந்து சரியாக இருப்பது 95 தடவைதான். வருஷத்தில் சுமார் 18 நாள் கோளாறு. இதுவும் ஐந்தும் தனித்தனியாகக் கெடும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. நிஜத்தில் ஒரு கோடை மழைக் காற்று மின்கம்பியையும் டவரையும் சேர்த்தே சாய்க்கும். சராசரிக்குள் அந்த ராத்திரி ஒரு புள்ளி. மோட்டாரை உடனே நிறுத்தியாக வேண்டியவனுக்கு அது அப்படியில்லை.

பெட்டி குரலிலும் பேசும். "மோட்டார் ஓடுகிறது." எங்க பெரியப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓடுது சரிடா தம்பி, தண்ணி வருதான்னு சொல்லுதா?" தரம் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது. கருவி அறிந்தது ஒன்று, நமக்கு வேண்டியது இன்னொன்று. நடுவில் இருக்கும் இடைவெளியை அந்த உறுதியான குரல் மூடிவிடுகிறது. "தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்த கருவியைத்தான் நான் நேர்மையானது என்பேன்.

அனெட் பேயர் என்ற தத்துவவாதி 1986இல் எழுதிய கட்டுரையில், ஒன்றைச் சார்ந்திருப்பதும் ஒருவரை நம்புவதும் வேறு என்றார். சார்ந்திருந்தது கெட்டால் ஏமாற்றம்; நம்பியவர் கைவிட்டால் துரோகம். இணைந்த கருவிகளின் சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். பொருள் மாதிரி விற்கிறார்கள், ஆனால் அது தினமும் யாரோ ஒருவர் வாக்கைக் காப்பாற்றுவதால் மட்டுமே ஓடுகிறது. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கருவியை சுமார் 300 டாலருக்கு, வாழ்நாள் சந்தாவோடு விற்றார்கள். அந்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. பழுதே ஆகாத பெட்டிகள் செத்துப்போயின. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாடு முழுக்கத் தடுமாறி நின்றபோது, போன் வைத்திருந்தவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ள அலைந்தார்கள். கொட்டாயில் இருக்கும் சிம் தானாகப் போய் வரிசையில் நிற்காது.

பழைய முறை மட்டும் ஒழுங்கா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அதில் தவறியது யார் என்று தெரியும். இங்கே ஐந்து பேரும் யோக்கியர்களாக இருந்தும் பயிர் காயலாம். அதனால், புதுப் பெட்டியை மாட்டும்போது பழைய ஸ்டார்டரின் பச்சை பட்டனைத் துண்டிக்காமல் விடும் எலக்ட்ரீஷியன் செய்வது வெறும் வயரிங் வேலை இல்லை. வாக்கு தவறினால் போக ஒரு வழி வைக்கிறார்.

பம்புக்காவது அந்த பட்டன் உண்டு. ரேஷன் கடைக்கு? அங்கேயும் இப்போது சர்வரோடு இணைந்த கருவிதான்; 2020 முதல் கைரேகை. இந்தப் பக்கத்தில் புளி உடைத்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த விரல்கள் அதிகம். ரேகை விழாவிட்டால் வேறு வழியில் பொருள் கொடுக்க அரசு இடம் தந்திருக்கிறது. அந்த வழியைக் கடைக்காரர் எடுக்கிறாரா, "நாளைக்கு வாங்க பாட்டி" என்கிறாரா என்பது அவர் கையில். அந்த 'நாளைக்கு' என்பது ஒரு நாள் கூலி. மறுநாள் ரேகை விழுந்துவிட்டால், கருவியின் கணக்கில் அது பொருள் கொடுத்தாகிவிட்ட ஒரு கார்டு.