ஒரு போகத்தின் விலை

2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ, இலங்கை வேளாண்மையைப் பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். அது யோசித்துப் பார்க்கத் தக்க கெடு. 2021 மே 6ஆம் தேதி வர்த்தமானி அறிவித்தல் வந்தபோது அந்தப் பத்து ஆண்டைக் காணவில்லை. இரசாயன உரத்துக்கும் பூச்சிகொல்லிக்கும் உடனடி இறக்குமதித் தடை. விளைச்சல் சரியும் என்று பேராதனைப் பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர்களும் வேளாண் பொருளியலாளர்களும் பகிரங்கமாகவே எச்சரித்தார்கள். யாரும் செவிசாய்க்கவில்லை.

அவர்கள் சொன்னதில் பூடகம் ஏதுமில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நல்ல கூட்டெருவில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 40 கிலோ தழைச்சத்து தேவையென்றால் யூரியாவில் இரண்டு மூட்டைகூட வேண்டாம். கூட்டெருவில் இரண்டு டன்னுக்குக் குறையாது. அந்த எருவும் தன் சத்தை மெல்ல மெல்லத்தான் மண்ணுக்கு விடும். நெல்லோ தூர் கட்டும் சில வாரங்களில்தான் அதைக் கேட்கும். அப்போது கிடைக்காவிட்டால் இலை வெளிறும், தூர் குறையும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் இல்லாத தூரில் கதிர் வராது. இவ்வளவு எருவை ஒரே போகத்துக்குள் நாடு முழுவதற்கும் யார் தயாரிப்பது என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கவில்லை.

ஆனாலும் தலைவரின் பக்கத்தையும் நேர்மையாக நிறுத்துப் பார்க்க வேண்டும். 69 லட்சம் பேர் வாக்களித்தது அவருக்கு. பேராசிரியர்களுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. வேளாண் இரசாயனங்கள் மீது சந்தேகம் இருந்தும், காரணம் இதுதான் என்று நிபுணர்களால் இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மானிய உரம் அளவுக்கு மீறிக் கொட்டப்பட்டதும் உண்மை. ஆட்சியை நிபுணர்களிடம் ஒப்படைத்துவிட முடியாது. எந்த இழப்பைத் தாங்கலாம், எதைத் தாங்கக் கூடாது என்று தீர்மானிப்பது அரசியலின் வேலை. அறிவுரையை ஒரு தலைவர் நிராகரிக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது. நிராகரிப்பவர் காரணம் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தில், ஒரு போகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிளைபோசேட் களைகொல்லியை 2015இல் தடைசெய்த அரசு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அதைத் திரும்ப அனுமதிக்க நேர்ந்தது. பாடம் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அதையும் பாராமல் எல்லா வயலையும் ஒரே நாளில் சோதனைக்களமாக்கியதுதான் அறப்பிழை. முடிவெடுத்தவர்களின் சோற்றுத்தட்டுக்கு அதனால் எந்த ஆபத்தும் இல்லை. நகையை அடகு வைத்து விதைத்தவர்தான் முழு இழப்பையும் சுமந்தார். அவரிடம் சம்மதம் கேட்கவே இல்லை. எண்ணம் நல்லதுதானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அடுத்தவர் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறவர், தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் தெரிந்துகொள்ளாமல் இருந்தால், அந்த அறியாமையும் அவர் செய்த தீங்கில் சேரும்.

2021 நவம்பர் கடைசியில் தடை விலகியது. பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. உரக் கையிருப்பு இல்லை. இறக்குமதி செய்ய டொலரும் இல்லை. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. நட்டஈடாக 4,000 கோடி ரூபாய் கொடுப்பதாக அரசு 2022 ஜனவரியில் அறிவித்தது. உரத் தடை தவறு என்று ஜனாதிபதி வாய்விட்டுச் சொன்னது ஏப்ரலில், புதிய அமைச்சரவையின் முன்னிலையில். அப்போது பெரும்போக அறுவடையே முடிந்திருந்தது. ஜூலையில் அவர் நாட்டைவிட்டுப் போனார். பொருளாதார நெருக்கடி பற்றிய வழக்கில், அவரும் அவருடைய சகோதரர்களும் அதிகாரிகள் சிலரும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு கிடைத்தது. வயல் வெளிறிப்போனவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை.