வாங்குபவர்க்கும் வாய்மை வேண்டும்

கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததை அருள்மறையில் (16:14) எடுத்துரைக்கும் அல்லாஹுதஆலா, அதிலிருந்து நாம் உண்ணும் மாமிசத்தைப் புதியது என்று குறிப்பிட்டே சொல்கிறான். எனவே நல்ல மீனைத் தேடி நடப்பதை நாவின் ருசிக்கு அடிமையாவது என்று யாரும் இகழ வேண்டியதில்லை. ஆனால் அந்த மீனை வாங்கும் இடத்தில் நம் நாவு என்ன பேசுகிறது என்பதே கேள்வி.

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் வாழும் நம்மவர் பலர் புது மீனுக்குச் செல்லும் இடம், கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலுள்ள லூப் சாலை. சாலையோரம் நடந்த இந்த வியாபாரத்துக்கு மாநகராட்சி கட்டிய அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாட்களிலும் நொச்சிக்குப்பத்துச் சிறு படகுகள் கடலுக்குச் செல்கின்றன. அப்போது கரையில் வந்த மீனும் வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மீனும் அருகருகே விற்கும்.

விற்பவரின் கடமை தெளிவானது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பழைய மீனைப் புதியதற்கு அடியில் மறைப்பதும், 2018-இல் சென்னையில் பெரும் கவலையை எழுப்பியதே ஃபார்மலின், அந்த மருந்தில் மீனைத் தோய்ப்பதும் இதே குற்றந்தான்.

இதுவரை சொன்னது பிறர் குற்றம். என் குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சுபுஹு தொழுதுவிட்டு மீன் வாங்கப் போயிருந்தேன். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்; இரத்தச் சிவப்பு. கண் தெளிவாகப் புடைத்திருந்தது. அழுத்திய சதை உடனே நிமிர்ந்தது. புதியதென்று தெரிந்தும், விலையைக் குறைப்பதற்காக, "பழசாட்டம் இருக்கேம்மா!" என்றேன்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "வாணாம்னா வுட்டுடு பாய். பழசுன்னு மட்டும் சொல்லாதே. பின்னால நிக்கிறவங்க காதுல வுழுது" என்றார்.

பேரத்தில் இதெல்லாம் சகஜம், அவர் ஏற்றிச் சொல்கிறார், நாம் இறக்கிச் சொல்கிறோம் என்று சிலர் வாதிக்கலாம். சற்றுச் சிந்திப்போம். அவர் சொல்லும் விலை அவருடைய விருப்பம். குறைத்துக் கேட்பது நம்முடைய விருப்பம். விருப்பத்தில் பொய் மெய் என்பதில்லை. ஆனால் "பழசு" என்பது பொருளைப் பற்றிய சாட்சியம். அறிந்தே அதை மாற்றிச் சொன்னால் அது பொய்ச் சாட்சியமன்றி வேறென்ன? துணி நாளையும் விற்கும். மீன் அந்தி வரை காத்திராது. காலையில் நாம் கெடுத்த பெயருக்கு மாலையில் நஷ்டப்படுபவர் அவர்.

ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு அளவையையும் நிறுவையையும் நிறைவாக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. மக்களின் பொருட்களைக் குறைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள் (7:85). நல்லதைக் கெட்டதென்று மட்டம் தட்டுவதும் இந்தக் குறைத்தலில் சேரும். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீதில், உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் பரக்கத்தும், பொய் சொல்லி மறைத்தால் பரக்கத் அழிவதும் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளன. நாமோ அதை விற்பவருக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம்!

பேரம் பேசுவது பாவமன்று. ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நாயகம் (ஸல்) அவர்கள் விலை பேசியே வாங்கினார்கள். மதீனா வந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் திருப்பித் தந்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நாம் எட்டாவிட்டாலும், "நல்ல மீன்தான் அம்மா, எனக்கு இவ்வளவுதான் முடியும்" என்று உண்மையைச் சொல்லி விலை கேட்க நம்மால் முடியாதா?

பத்து ரூபாய் மிச்சப்படுத்தப் பொய் பேசி வந்த மீனை பிஸ்மி சொல்லி உண்ணும் நிலையிலிருந்து வல்ல நாயன் நம்மைக் காப்பானாக! ஆமீன்.