பதினான்கு கிலோமீட்டர் முப்பதான கணக்கு

ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்றால், சேலத்தின் விளக்குகள் காலடியில் கொட்டிக் கிடப்பதுபோல் தெரியும். நேர்கோட்டில் அளந்தால் அந்த ஊர் சுமார் 14 கி.மீ. தொலைவுதான். சாலை வழியாக 30 கி.மீ.; பஸ்ஸில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

காரணம் உயரம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். பாரம் ஏற்றிய வண்டி திணறாமல் ஏற, 100 மீட்டர் ஓடினால் 6 மீட்டர் உயரும்படி மலைச்சாலையின் சரிவை வைப்பது வழக்கம். அப்படியானால் 1,200 மீட்டர் ஏற 20 கி.மீ. சாலை வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலை ஏறத்தாழ அந்த நீளம்தான்! ஒரே மலைச்சரிவில் அத்தனை நீளத்தை அடக்க, அதை மடித்து மடித்துத்தான் போட முடியும். அந்த மடிப்புகளே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையில் சாலை அமைத்தவர்களின் இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

விமானத்துக்கு மடிப்பு வேண்டாம். சேலத்துக்கு வரும் சிறிய ஏடிஆர் விமானம் அந்த 1,200 மீட்டரைச் சுமார் நான்கு நிமிடத்தில் ஏறிவிடும். சென்னையிலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு வான்வழியில் 265 கி.மீ. அளவுதான். மணிக்கு 500 கி.மீ. வேகத்துக்கு அரை மணி நேரம் போதுமே, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கிப் போய் நிற்பது வரை எல்லாமே பயண நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெல்ல ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

நெடுந்தூரத்தில் இந்தச் சில்லறை நேரம் கரைந்துபோகும். சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ.; பத்துப் பதினொரு மணி நேரம். சராசரி வேகம் சேலம் விமானத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அங்கே கணக்கை மாற்றுவது காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். அதனால் ஊர் திரும்பும் பயணம் பொதுவாகக் குறுகியது.

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம், ஏற்காட்டுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே 16 கி.மீ.யில் இருக்கிறது. ஆனால் சேலம் வழியாக மலை ஏற 45 கி.மீ.க்கு மேல் வரும். சென்னையிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மலையிலிருந்து விமானம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் நான்கு மணி நேரம் முன்னதாகவே இறங்கத் தொடங்குங்கள். வளைவில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிடுங்கள்.