கல் அகழ்வாரும் உயிர்க்கடனும்

மலையை அகழ்ந்து கல்லெடுப்போர், அந்நிலத்தை அங்கு வாழ்ந்த உயிர்கட்கு மீளவும் உறைவிடமாக்கித் தருதல் கடமையோ, அன்றி அவர்தம் விருப்பத்தாற் செய்யும் ஈகையோ என்னும் வினா ஈண்டு ஆராயற்பாலது. அலவத்துகொட முதலாகக் கண்டி, மாத்தளைச் சாரல்களில் வாழும் நமக்குப் பாறை பிளக்கும் வெடியோசை புதிதன்று.

கல் சடமாயிற்றே, சடத்தை உடைப்பதிற் பாவம் யாது என்பாருமுளர். கல் சடமென்பது உண்மையே. ஆயின், தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் இறைவன் மாயையினின்றுந் தோற்றுவித்து உதவுவது ஆன்மாக்கள் அனைத்தின் பொருட்டுமாம் என்பது நம் சித்தாந்தத் துணிபு. புவனம் மனிதனுக்கு மாத்திரம் உரியதன்று. நிலத்தை விற்றவனும் மனிதன்; வாங்கினவனும் மனிதன். ஆங்கு வளைகொண்ட உடும்பும் முட்டையிட்ட பறவையும் அவ்வுறுதியிற் கையொப்பமிட்டனவல்ல. ஆதலின் உறைவிடத்தை மீள அளித்தல் ஈகையன்று, கடனேயாம்.

இக்கடன் எப்பொழுது இறுக்கற்பாலது? தொழில் முடிந்தபின் என்பார்க்குக் காங்கேசன்துறையைக் காட்டுவாம். 1950 இல் அங்கெழுந்த சீமெந்துத் தொழிற்சாலை போரினால் 1990 இல் நின்றது. சுண்ணக்கல் எடுத்த குழிகள் பாழாய்க் கிடந்தன. வருவாயுள்ள நாளில் இறுக்காத கடன் பின்னர் இறுக்கப்படுதல் அரிது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுப்புறத்து அருவக்காட்டிலோ, 2016 வரை ஹோல்சிம் லங்கா என வழங்கிய நிறுவனம், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் துணையோடு, ஒருபுறம் அகழ்ந்துகொண்டே மறுபுறம் குழி தூர்த்து அந்நிலத்துக்குரிய மரங்களை வைக்கத் தொடங்கிற்று. காலமறிந்து செய்தல் இதுவே.

அற்றேல், பொருள் செலவிட்டால் மட்டும் காடு மீளுமோவெனின், மீளாது. கெனியா தேசத்து மொம்பாசா நகரருகே, பம்புரி சீமெந்துக் குழிகளில், 1971 இல் ரெனே ஹாலர் என்பார் இப்பணியைத் தொடங்கினார். நட்ட 26 வகை மரங்களுட் பிழைத்தவை 3 வகையே. அவற்றுட் சவுக்கு செழித்ததாயினும், அதன் சருகு மக்கவில்லை. சருகு மக்காமையின் மண் உண்டாகவில்லை. மரவட்டைகளைக் கொணர்ந்து விட்டபின், அவை அச்சருகைத் தின்று கழித்தன, மண் பிறந்தது, பின்னரே பிற மரங்களும் விலங்குகளும் நிலைபெற்றன. நாம் காலால் ஒதுக்கிச் செல்லும் ஒரு சிற்றுயிர், அறிஞராலும் செல்வராலும் ஆகாததை ஆக்கிற்று. ஆகவே, கல்லுடைக்குமுன் மேல்மண்ணை வேறாகச் சேமித்தலும், அயற்காட்டை வெட்டாது விடுதலும் முதற்கடமைகளாம். உயிர்கள் அவ்விடங்களினின்றே மீண்டு வரும்.

இனி, மீட்கலாமென்னுந் துணிவால் எம்மலையையும் அகழலாமென்பதும் பொருந்தாது. பிராயச்சித்தம் உண்டெனக் கருதிப் பாவஞ் செய்வானுக்கு அது பிராயச்சித்தமாகாது. ஊற்றுக்கண் உள்ள மலையையும், வேறெங்குமில்லா உயிர் வாழும் மலையையும் தொடாது விடுதலே அறம்.

குற்றமனைத்தையும் அகழ்வார்மேலேற்றி நாம் விலகுதலும் நீதியன்று. நம் இல்லச் சுவரும் திருக்கோயிற் சுதையும் அக்கல்லின் பயனே. ஆதலின் திருப்பணிச் சபையார் கல்லும் சுண்ணமும் கொள்ளுமிடத்து, விலையை வினவுமுன், அகழ்ந்த குழியில் மரம் வைக்கப்படுகின்றதோவென வினவுவாராக. பிற உயிர்களைக் குடியெழுப்பி எடுத்த கல்லாற் கோபுரம் எழுப்புவார், அக்குடிகளுக்கும் இடங்காணக் கடவர்.